நூலகத்து ஐஸ்

நூலகக் காசில் நாற்பது டப்பா மண்புழு வாங்கியவள் என்று வாரியத்தின் பதிவேட்டில் என் பெயர் ஏறியிருக்கிறது. நான் வாங்கியது ஐஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களும் என்னைப் பார்த்து “மீன் ஏதாச்சும் சிக்குச்சா?” என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் பெயர் தெல்மா ஆஸ்ட்ராண்டர். குவில் க்ரீக் நூலகத்துக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால் புத்தகம் கொடுப்பது, கழிப்பறைக்குக் காகிதம் வாங்கிப் போடுவது, கூரை ஒழுகினால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம்தான். ஊர் ஜனங்கள் சொத்து வரியோடு சேர்த்துக் கட்டும் கொஞ்சம் பணத்தில் நடக்கிற நூலகம் இது. மேலே ஐந்து பேர் கொண்ட வாரியம், ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. எங்களைப் போன்ற சின்ன அமைப்புகள் துடைப்பம் வாங்கக்கூடக் காசோலை எழுதி அல்லாட வேண்டாம் என்று, கலிஃபோர்னியா அரசு ஒரு வங்கியோடு பேசிக் கொள்முதல் கார்டு கொடுக்கிறது. தண்ணீர் வாரியம், தீயணைப்பு, கல்லறை வாரியம் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் நூலகத்துக்கு இரண்டு கார்டு. ஒன்று என் பெயரில், இன்னொன்று வாரியத் தலைவர் கார்லிஸ் ஹேக் பெயரில். அவர் தன்னுடையதைப் பர்ஸை விட்டு எடுத்ததே கிடையாது.

இந்தக் கார்டு சில கடைகளில் செல்லாது. மதுக்கடை, சூதாட்ட விடுதி, நகைக்கடை என்று ஒரு தடைப்பட்டியல் வங்கியிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். தேய்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்று வரும். நல்ல விதிதான், நான் ஒன்றும் விதிக்கு விரோதி இல்லை. பொதுப்பணத்தில் ஒருத்தன் விஸ்கி வாங்கினால் அவன் கார்டை வெட்டுவதற்கு நானே கத்தரிக்கோல் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

எங்கள் மலையில் கோடைக் காற்று எழும்பினால், கம்பி உரசிக் காடு பற்றிக்கொள்ளும் என்று மின்சாரக் கம்பெனி கரண்டை நிறுத்திவிடும். இரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று நாள். வெளியே நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட். நூலகத்தில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. வாரியம் முறையாகத் தீர்மானம் போட்டு, எங்கள் வாசலில் ‘குளிர்ச்சி மையம்’ என்று பலகையும் மாட்டியது. பலகைக்குப் பக்கத்தில் ஹேக் நின்று சிரிக்கிற படம் பத்திரிகையில்கூட வந்தது. பலகை வைத்தவர்கள் உள்ளே குளிர்ச்சிக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. ஜெனரேட்டரில் விசிறிகளும் மூச்சுத் திணறுகிறவர்களின் ஆக்ஸிஜன் மெஷின்களும் ஓடும், அவ்வளவுதான். குட்டி ஃப்ரிட்ஜைச் செருகினால் எல்லாமே அணைந்துவிடும்.

ஜூலையில் கரண்ட் போனபோது வாசிப்பறை முழுக்கக் கிழடுகள். எல்வின் ஸ்டோக்ஸ் தன் இன்சுலின் குப்பிகளை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மர ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர்.

“கண்ணு,” என்றார் என்னைப் பார்த்து, “என் மருந்து வேகுது. நானும் வேகுறேன். யாரு முதல்ல வெந்து முடியறோம்னு பாக்கலாம்.”

அவர் மட்டும் இல்லை, இன்சுலின்காரர்கள் இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். மளிகைக்கடை மூடிக்கிடந்தது. கீழே டவுனுக்கு இறங்குகிற சாலையில் பைன் மரம் விழுந்து கிடந்தது. ஊரில் ஐஸ் இருந்த ஒரே இடம் வெண்டல் ட்ரிப்பின் கடை. அவனிடம் சொந்த ஜெனரேட்டர் இருக்கிறது. கடையின் ஒரு பாதி மது, மறு பாதி தூண்டில் சாமான். வெண்டலும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் மரியாதை எல்லாம் எங்களுக்குள் கிடையாது.

அவன் கார்டைத் தேய்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“மறுத்துருச்சு தெல்மா. இது சாராயக் கடைன்னு உன் கார்டுக்கே தெரிஞ்சுபோச்சு.”

“இன்னொரு தடவ தேய்டா.”

“எத்தனை தேய்ச்சாலும் இதேதான் சொல்லும். கார்டும் உன்ன மாதிரியே பிடிவாதம்.” அவன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு கடையின் மறுபாதிக்குப் போனான். “இந்தப் பக்கம் வா. தூண்டில் கடை என் தங்கச்சி பேர்ல. தனி உரிமம், தனி மெஷின். இதுக்கு உன் மேல கோவம் இல்ல.”

“சரி, ஐஸ்னு போடு.”

“ஐஸ் பட்டன் அந்த மெஷின்ல தான் இருக்கு. இதுல மண்புழு, வெட்டுக்கிளி, குட்டி மீன். ஒரு டப்பா புழுவும் ஒரு மூட்டை ஐஸும் ஒரே விலைதான். என்ன சொல்ற?”

“எதையாவது போட்டுத் தொலை. அங்க எல்வின் உக்காந்திருக்காரு.”

“நாப்பது மண்புழு,” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அமுக்கினான். “பெரிய மீனா சிக்கட்டும்.”

ரசீதின் அடியிலேயே பேனாவால் எழுதினேன்: வாங்கியது ஐஸ், மெஷினில் அதற்குப் பட்டன் இல்லை. கையெழுத்தும் போட்டேன். எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு வம்பு வந்தே இருக்காது.

மாசம் முடிந்ததும் போன் வந்தது. எங்கள் பக்கத்துச் சின்ன வாரியங்களின் கார்டுகளையெல்லாம் கண்காணிக்கிற ஜனீன் ப்ரூயிட். மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். கெட்டவர் இல்லை. விதியைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர்.

“ரசீதுல மண்புழுன்னு இருக்குங்க.”

“கீழ ஐஸ்னு எழுதிருக்கேனே.”

“நீங்க எழுதினது செல்லாதுங்க. கடைக்காரர் என்ன போட்டாரோ அதுதான். அது போகட்டும். முதல்ல தடை போட்ட கடையில முயற்சி பண்ணிருக்கீங்க. மறுத்ததும் உடனே பக்கத்து மெஷினுக்குப் போயிருக்கீங்க. இது தடையச் சுத்திப் போறதுங்க.”

“ஆமா, சுத்தித்தான் போனேன். நேரா போக வழி விடலையே நீங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ‘சொந்த உபயோகத்துக்குத் தவறுதலா வாங்கிட்டேன்’னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுப் பணத்தக் கட்டிருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. தன் சொந்த வண்டிக்கு மறந்துபோய் இந்தக் கார்டுல பெட்ரோல் போட்டவங்க எத்தன பேரு! கட்டினா விஷயம் முடிஞ்சிரும். இல்லேன்னா வாரியத்துக்குத்தான் அனுப்பணும்.”

இருநூற்றுச் சொச்சம் டாலர். என்னால் கட்ட முடியாத தொகை இல்லை. ஆனால் கட்டினால் அந்த ஐஸ் எனக்குச் சொந்தமாகிவிடும். வெயிலில் வாடி வந்தவர்களுக்குத் தெல்மா என்கிற புண்ணியவதி தன் கைக்காசில் தருமம் செய்தாள் என்று ஆகிவிடும். நான் தருமம் செய்யவில்லை. நூலகம் தன் வேலையைச் செய்தது. வாசலில் பலகை மாட்டிய நூலகம், அந்தப் பலகையில் எழுதியிருந்ததைச் செய்தது. இதில் என் சொந்த உபயோகம் எங்கே வந்தது? போட மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வெண்டல் கடைக்குப் போனால், கல்லாப்பெட்டி மேல் ஊறுகாய் ஜாடி ஒன்று. ‘தெல்மாவின் மண்புழு நிதி’ என்று சீட்டு ஒட்டி, பாதிக்கு மேல் நோட்டு நிரம்பியிருந்தது.

“யாருடா இத வைக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. ஊரே போடுது. எல்வின்கூட அஞ்சு டாலர் போட்டாரு. கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாரு தெல்மா.”

எல்வினின் ஐந்து டாலர் என்றதும் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

“அவங்கல்லாம் வரி கட்டியாச்சுடா! அதே ஐஸுக்கு ரெண்டாந்தடவ கட்டணுமா? கரண்ட் இல்லாத வீட்ல வெந்துட்டு, அதுக்கு அபராதமும் அவங்களே கட்டணுமா? எவன் எவன் போட்டானோ அவனவன் கையில திருப்பிக் குடு.”

“எவன் எவ்வளவு போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டுக் குடு!”

“உனக்கு நல்லது பண்ண வந்த என் புத்தியச் செருப்பால அடிக்கணும்,” என்று ஜாடியைத் தூக்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்தான். கடையை விட்டு வெளியே வரும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாரியக் கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அதே வாசிப்பறையில். வெள்ளிக்கிழமை மறுபடியும் கரண்ட் போகும் என்று அன்று காலையில்தான் கம்பெனி அறிவித்திருந்தது. ஹேக் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். காப்பீடு விற்றே காலம் கழித்த மனுஷர், எந்த நேரத்தில் எதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“தெல்மா, எங்க யாருக்கும் உங்க மேல வருத்தம் இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை கரண்ட் போகப்போகுது. கார்டு இல்லாம எப்படிச் சமாளிப்பீங்க? ஒரு கையெழுத்து. பணத்த ஊரே சேத்து வச்சிருக்காமே.”

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கார்டு போனால் அவதிப்படப்போவது நானா, எல்வினா? கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை தப்பிக்கும். ஆனால் அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு கோடையிலும், குளிர்ச்சி மையத்துக்கு ஒரு மூட்டை ஐஸ் கேட்டால், ‘அது உங்க சொந்தச் செலவுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே’ என்று என் கையெழுத்தையே என் முன்னால் நீட்டுவார்கள்.

“அந்தத் தாள்ல ‘என் சொந்த உபயோகத்துக்கு’ன்னு எழுதிருக்கு கார்லிஸ். எனக்கு எதுக்கு நாப்பது மூட்டை ஐஸ்? வீட்ல பெங்குவினா வளக்குறேன்?”

அறை சிரித்தது. ஹேக் சிரிக்கவில்லை.

“அப்ப வாரியந்தான் முடிவு பண்ணணும்.”

“பண்ணுங்க. பேர் கூப்பிட்டு ஓட்டெடுங்க. எல்வின் முன்வரிசைல உக்காந்திருக்காரு. ஒவ்வொருத்தரா அவரு மூஞ்சியப் பாத்து, ‘அந்த ஐஸ் தெல்மாவோட சொந்த உபயோகம்’னு வாயால சொல்லுங்க. அப்புறம் கார்ட எடுத்துக்குங்க.”

பெயர் கூப்பிட்டார்கள். இருவர் இல்லை என்றார்கள். இருவர் ஆமாம் என்றார்கள், ஒருத்தர் கூரையைப் பார்த்து, இன்னொருத்தர் தன் செருப்பைப் பார்த்து. கடைசியில் ஹேக் மேசையைப் பார்த்து “ஆமாம்” என்றார். மூன்றுக்கு இரண்டு. எல்வின் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை என்று சொன்ன அந்த இருவர் மட்டும்தான்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஜனீன் ப்ரூயிட் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதை எல்லார் முன்னிலையிலும் வெட்டித் தருவதுதான் இங்கே வழக்கம்.

“வெட்ட மாட்டேன்,” என்றேன். “தப்பு பண்ணவங்க வெட்டறதுக்குத்தானே அந்த வழக்கம்? நான் பண்ணல.”

“மிஸ் ஆஸ்ட்ராண்டர், தயவுசெஞ்சு...”

“கார்டு இந்தா இருக்கு. வெட்டணும்னு சொன்னது நீங்க. வெட்டுங்க.”

அவரே வெட்டினார். மொக்கைக் கத்தரிக்கோல், ஒரே வெட்டில் போகவில்லை.

எல்லாரும் கலைந்தபோது எல்வின் என் கையைப் பிடித்தார். “கண்ணு, எனக்காகவாச்சும் அதுல ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை நான் எங்க போவேன்?”

எனக்குச் சுருக்கென்றது. “இங்கதான் வருவீங்க,” என்று அவர் காதருகே குனிந்து கத்தினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நூலகத்தைத் திறந்தேன். ஜெனரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் அன்றைக்குத் தாங்கும். கடைக்கு ஓடிப்போய் வெண்டலிடம் சொன்னதும் அவன் லாரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்தான். கார்டு தேய்க்கிற இரண்டு மெஷினையும் கூடவே எடுத்துவந்திருந்தான்.

“சரக்க இறக்கிட்டேன். காச யாரு குடுக்கப்போறா? உன் பேரச் சொல்லி ஜாடி வச்சா நீ கடிக்க வர்ற.”

“நூலகம் குடுக்கும்.”

முதலில் இன்சுலின் குப்பிகள் ஐஸ் பெட்டிக்குள் போயின. அதற்குப் பிறகுதான் ஹேக்குக்குப் போன் போட்டேன்.

“கார்லிஸ், நூலகத்துக்கு இப்ப ஒரே ஒரு கார்டுதான் இருக்கு. அது உங்க பர்ஸ்ல இருக்கு. ஐஸ் வந்து இறங்கியாச்சு. வாங்க.”

“திங்கக்கிழமை பேசிக்கலாமே தெல்மா?”

“ஐஸ் திங்கக்கிழமை வரைக்கும் இருக்காது.”

வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வீட்டிலும் கரண்ட் இல்லைதானே. அவர் மனைவி ஜெனிவா காலையிலிருந்தே எங்களிடம்தான் இருந்தார், விசிறிக்கு நேர் கீழே, வீங்கிய கால்கள் இரண்டையும் ஐஸ் போட்ட வாளியில் விட்டுக்கொண்டு.

ஹேக் கார்டை நீட்டினார். வெண்டல் முதலில், ஐஸ் பட்டன் இருக்கிற மது மெஷினை நீட்டினான். மறுக்கப்பட்டது. வாசிப்பறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஹேக் ஓரமாகப் போய் ப்ரூயிட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். தடையை நீக்க வங்கிக்கு எழுதலாம், திங்கட்கிழமைக்கு முன்னால் நடக்காது என்று பதில் வந்தது. திரும்பி வந்தவர் பர்ஸிலிருந்து தன் சொந்த நோட்டுகளை எண்ணி எடுத்தார்.

“உள்ள வைங்க,” என்றேன்.

“ஏம்மா, நான் குடுத்துர்றேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல.”

“எனக்கும்தான் கஷ்டமில்லாம இருந்துச்சு. நீங்க பெரிய மனசு பண்ணிக் குடுக்கறதுக்கு இது உங்க வீட்டு விருந்து இல்ல. நான் கட்டல, ஊரக் கட்ட விடல, உங்களையும் கட்ட விடமாட்டேன். இது யாரோட ஐஸ்னு சொல்லுங்க, அவங்க காசுல குடுங்க.”

“வீம்பு புடிச்ச பொம்பள!”

“ஆமா.”

அப்போது ஜெனிவா வாளியிலிருந்து ஒரு காலைத் தூக்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“கார்லிஸ், என் கால் யாரோட ஐஸ்ல இருக்கு? நூலகத்து ஐஸ்னா வச்சுக்கறேன். தெல்மாவோட சொந்த ஐஸ்னா சொல்லிரு. செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ண அவமானப்படுத்திட்டு, இன்னைக்கு அவ ஐஸ்ல கால் நனைக்க எனக்கு இஷ்டமில்ல.”

ஹேக் மனைவியைப் பார்த்தார். பிறகு எல்வினைப் பார்த்தார், அந்த வாரத்தில் முதல் தடவையாக, நேராக. நோட்டுகளை மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டுக் கார்டை மறுபடியும் எடுத்தார்.

“வெண்டல், அந்த இன்னொரு மெஷினக் குடு.”

“என்ன போடட்டும் தலைவரே? வெட்டுக்கிளி கூட இருக்கு.”

“அவளுக்கு என்ன போட்டியோ அதையே போடு.”

மெஷின் ஒரு சத்தத்தோடு ரசீதைத் துப்பியது. ஹேக் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, ரசீதின் அடியில் நான் எழுதியது போலவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெற்றி வியர்வை ஒரு சொட்டு அதன் மேலேயே விழுந்தது. துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்ட எதுக்கு? ப்ரூயிட்டுக்குப் பதில் சொல்லப்போறது நீங்க.”

“அந்தம்மா கத்தரிக்கோலோட வந்துருவாங்களே,” என்றார் பாதி சிரிப்பும் பாதி பயமுமாக.

“வரட்டும். வந்தா என்ன சொல்லப்போறீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அது நூலகத்து ஐஸ்னு சொல்றேன்.”

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அங்க பாத்துச் சொல்லுங்க. எல்வினுக்குக் காது மந்தம்.”

ஹேக் வாசிப்பறைப் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி, அது நூலகத்து ஐஸ் என்று கத்திச் சொன்னார்.

எல்வின் காதுக்குப் பின்னால் கையை வைத்து என்னைப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. நான் ஹேக்கை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.